தேடலை யார் முடிப்பது?

இடுக்கி மாவட்டம் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களின் லயங்களை, அதாவது வரிசைக் குடியிருப்புகளை, மூடியது. பலியானவர்கள் 70 பேர். அவர்களில் நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. சில வாரங்களில் அரசின் தேடுதல் நின்றது. உறவினர்களின் தேடல் அதன்பிறகும் காட்டிலும் ஆற்றோரத்திலும் தொடர்ந்தது. இதை வீண் பிடிவாதம் என்று சொல்லக் கூடாது. உடல்கள் பல கிலோமீட்டர் தொலைவிலும் கிடைத்த இடம் அது. ஒரு குழந்தையின் உடல் ஆற்றில் இருப்பதைக் காட்டிக்கொடுத்தது, அந்த வீட்டில் வளர்ந்த குவி என்ற நாய்தான். இழந்தவரை அறிந்த உயிர்களின் தேடலுக்கு அப்படி ஒரு கூர்மை உண்டு.

மழையில் மீட்புப் படையினரின் உயிரையும் பணயம் வைக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மண்ணைத் தோண்டுவதை நிறுத்தலாம். காணாமல் போனவர்களைப் பற்றிய கோப்பை மூடத்தான் அவசரம் வேண்டாம். 2024 ஜூலை 30ஆம் தேதி நேர்ந்த வயநாட்டு நிலச்சரிவில் அடையாளம் தெரியாத உடல்களையும் உடல் பாகங்களையும் எண்ணிட்டுப் புத்துமலையில் அடக்கம் செய்தார்கள். உறவினர்களின் மரபணு மாதிரியோடு ஒப்பிட்டு, பிறகு பலருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. மலைச்சரிவு எங்கே நடந்தாலும், காணாமல் போனவர்களின் உறவினரிடம் முதல் வாரத்திலேயே மரபணு மாதிரி எடுத்துப் பாதுகாக்க வேண்டும். நேயர்களே, அப்படி ஒரு துயரம் உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு நேர்ந்தால், மாதிரி கொடுக்க அவர்களோடு நீங்களும் கூடப் போங்கள்.