கொல்லையில் ஒரு ஜீப் – 6: பீங்கான் ஊரில் ஒரு பொறி

ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. வில்லீஸ் வழி வந்த பெட்ரோல் ஜீப்பின் நான்கு சிலிண்டர்களும் இந்த வரிசையில்தான் வெடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து கிளம்பும் நான்கு வயர்களில் இரண்டை இடம் மாற்றிச் செருகினால் போதும், கார்புரேட்டர் வழியாக 'டமால்' என்று திருப்பி அடிக்கும். தெரு நாய்கள் அன்று முழுக்க நம் வாசல் பக்கம் வராது. சென்ற வாரம் சேஸிஸைத் துரு நீக்கிப் பெயின்ட் அடித்து முடித்தோம். இந்த வாரம் பொறி.

பொறியைப் பற்றி விருத்தாசலத்தில் உட்கார்ந்து எழுதுவதில் ஒரு வசதி உண்டு. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்கு முன், மேலே கிடக்கும் மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டும். அந்த மண்ணோடு வெள்ளைக் களிமண்ணும் வருகிறது. அதை நம்பி அரை நூற்றாண்டுக்கும் மேலாக இங்கே ஒரு செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தர அரசு நிறுவனமும் இருக்கிறது. அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கேரியர், மின்கம்பத்து இன்சுலேட்டர் எல்லாம் சூளையிலிருந்து வந்த ஊர் இது. ஸ்பார்க் ப்ளக்கும் அடிப்படையில் ஓர் இன்சுலேட்டர்தான். அதனால் ஜீப்பைப் பற்றித் துளியும் தெரியாத சூளைக்காரர் ஒருவரிடம் பழைய ப்ளக்கைக் காட்டினாலும், வெள்ளைப் பகுதியை நகத்தால் சுண்டிப் பார்த்துவிட்டு விஷயத்துக்கு வந்துவிடுவார்.

பேட்டரி தருவது 12 வோல்ட். காயில் அதை 15,000, 20,000 வோல்ட் வரை தூக்கிவிடுகிறது. அவ்வளவு அழுத்தமும் ப்ளக்கின் நுனியில், முக்கால் மில்லிமீட்டர் இடைவெளியில் மட்டுமே பாய வேண்டும். ஆனால் மின்சாரம் சோம்பேறி. அதைவிடச் சுலபமான வழி கிடைத்தால் அப்படியே போய்விடும். ப்ளக்கின் வெளிப்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஈரமும் சேர்ந்தால் அதுவே வழி. வெள்ளைப் பகுதியில் வளையம் வளையமாக வரி விட்டிருப்பது இதற்காகத்தான். வரி இருந்தால், கசிய நினைக்கும் மின்சாரம் ஏறி இறங்கி நீண்ட தூரம் போக வேண்டும். மின்கம்பத்து இன்சுலேட்டரின் குடை மடிப்புகளும் அதே கணக்குதான். மேலே பூசிய பளபளப்பும் அழகுக்கு அல்ல. அழுக்கு ஒட்டாமல் வழுக்கிவிட. ஆகவே ப்ளக்கின் வெளிப்பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

அப்படியென்றால் ப்ளக்கை இங்கேயே செய்துவிடலாமே என்று தோன்றும். மோட்டார் யுகத்தின் தொடக்கத்தில் ப்ளக்கின் உடம்பு பீங்கானாகத்தான் இருந்தது. ஆனால் பீங்கான் என்பது களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் மூன்றும் சேர்ந்த கலவை. ஃபெல்ட்ஸ்பார் சூளையில் உருகிக் கண்ணாடியாகி மற்ற இரண்டையும் பிணைக்கிறது. அந்தக் கண்ணாடியில் இருக்கும் சோடியமும் பொட்டாசியமும் குளிர்ந்த நிலையில் பரம சாது. பல நூறு டிகிரி சூட்டில் அவை நகரத் தொடங்கும். அதன்பின் பீங்கான் மின்சாரத்தைத் தடுக்காது, கடத்தும். திடீர்ச் சூட்டில் விரிசலும் விடும். அதனால்தான் உலகம் அலுமினாவுக்குப் போயிற்று. இன்றைய ப்ளக்கின் வெள்ளைப் பகுதியில் சுமார் 95 சதவீதம் அலுமினியம் ஆக்சைடு. மின் பீங்கானுக்கு 1,200, 1,300 டிகிரி போதும். அலுமினாவுக்கு 1,600 டிகிரியை ஒட்டிய சூளை வேண்டும். சூட்டைக் கடத்தி வெளியேற்றுவதிலும் அது பீங்கானைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டிக்காரன். உள்நாட்டு ப்ளக் என்றால் நம் மெக்கானிக்குகளுக்கு நெடுங்காலம் நினைவுக்கு வந்தது, 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோதான்.

இனி நம் வண்டி. மஹிந்திரா சிஜே-3பி. முகத்தைவிட நெற்றி பெரிதாக, பானெட் உயர்ந்து நிற்கும் ரகம். உள்ளே இருக்கும் ஹரிக்கேன் இன்ஜினில் இன்டேக் வால்வு தலையிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலுமாக இருப்பதால் உயரம் கூடிவிட்டது. அதற்கு இடம் கொடுக்கத்தான் அந்த நெற்றி. இத்தகைய வண்டிகளில் பலவற்றைப் பெட்ரோல் விலைக்குப் பயந்து எப்போதோ டீசல் இன்ஜினுக்கு மாற்றிவிட்டார்கள். இழுவைக்கு அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் மூல இன்ஜின் உள்ள வண்டி கிடைத்தால் அதைக் கழற்றாதீர்கள் என்பது என் கட்சி. ஐம்பது வயது தாண்டிய வண்டியை 2021-இல் வந்த விதியின்படி பாரம்பரிய வாகனமாகப் பதிய நினைப்பவர்களுக்கு, சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் பெரிதாக மாறாமல் இருப்பது அவசியமும்கூட. 'அரசு ஏலத்தில் ஜீப் எடுக்கலாமா' என்று கேட்டிருந்த வாசகருக்கு: 2023 ஏப்ரல் முதல் 15 வயது முடிந்த அரசு வாகனங்களின் பதிவு ரத்தாகி, அவை உடைக்கப் போகின்றன. யூனியன் ஆபீஸ் ஜீப்பை ஏலம் எடுத்து ஓட்டிய காலம் முடிந்தது. இனி தனியார் தோப்புகளில் கிடக்கும் வண்டிகள்தான் கதி.

புதுப்பித்த வண்டி ஸ்டார்ட் ஆகாமல் படுத்தினால் பலரும் முதலில் புதுக் காயில் வாங்குவார்கள், அடுத்து புது பேட்டரி. வயதான மெக்கானிக் ஒருவர் சொல்வார்: "தம்பி, பொருளக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி எர்த்தப் பாருங்க." நூற்றுக்கு நூறு சரி. இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. சேஸிஸில் நாமே பார்த்துப் பார்த்து அடித்த பெயின்ட்டும் கடத்தாது. துருவோடு ஓடிய வண்டி, பளபளப்பானதும் நின்றுபோவதன் ரகசியம் இதுதான். இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே தடித்த பின்னல் பட்டையைப் போடுங்கள். அது உட்காரும் இடத்தில் பெயின்ட்டைப் பளிச்சென்று இரும்பு தெரியச் சுரண்டிவிட்டு, முடுக்கியபின் மேலே கிரீஸ் தடவுங்கள்.

அடுத்தது பாயின்ட். இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது பாயின்ட் 4,000 தடவை திறந்து மூடுகிறது. இடைவெளி அரை மில்லிமீட்டர்; ஃபீலர் கேஜ் வைத்தே பாருங்கள், கண்ணளவு உதவாது. ப்ளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, இன்ஜின் மேல் படுக்க வைத்து ஹேண்டிலைச் சுற்றினால் பொறி நீலமாக, 'சட் சட்' என்று வர வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் டப்பா இருக்கக் கூடாது என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. பொறி மஞ்சளாகச் சோம்பினாலோ, பாயின்ட் சீக்கிரம் கருகினாலோ கண்டென்சரை மாற்றுங்கள். பாயின்ட்டைத் தூக்கிவிட்டு எலெக்ட்ரானிக் கிட் போடச் சொல்லும் நண்பர்கள் எனக்கும் உண்டு. டவுனுக்குள் ஓட்ட அது சுகம்தான். ஆனால் காட்டுப் பாதையில் கிட் செத்தால் வண்டியும் செத்தது. பாயின்ட்டென்றால் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் உப்புத்தாள் துண்டும் இருக்க, வீடு வந்து சேரலாம். ஐப்பசி மழையில் தேங்கிய நீரில் இறங்குகிறவர்கள் அதற்கு முன் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிடுவது பழைய தந்திரம். இல்லாவிட்டால் ஃபேனே நீரை வாரி டிஸ்ட்ரிபியூட்டர் மேல் இறைக்கும்.

ப்ளக் வாங்கும்போது 'சூடான' ரகமாகக் கேளுங்கள். ப்ளக்கின் மூக்கு சுமார் 450 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850-ஐத் தாண்டினால் பொறிக்குக் காத்திராமல் பெட்ரோல் பற்றிக்கொள்ளும். நம் இன்ஜினின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7 தான். இன்றைய கார்களோடு பார்த்தால் சாந்தமான அடுப்பு. இதில் குளிர் ரக ப்ளக் போட்டால் நாலு நாளில் கரி பிடித்து, மிஸ் அடிக்கும்.

கடைசியாக, பங்க்கில் வரும் பெட்ரோலே மாறிவிட்டது. அதில் இப்போது 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே ஜெட்டில் கலவை நீர்த்துப்போகும். புதுக் கார்களில் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்தப் புத்தி கிடையாது. மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்க வேண்டியிருக்கும். மூல ஜெட்டைத் துளைக்காமல், இன்னொன்று வாங்கி அதில் கைவையுங்கள். பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரமையும் ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றுங்கள். டாங்கில் மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்காதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், டாங்க் உள்ளே துருப்பிடிக்கும்.

எல்லாம் முடிந்தபின் உளுந்தூர்பேட்டை சாலையில் பத்து கிலோமீட்டர் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். ஐடிலில் விடாமல் அப்படியே சாவியை அணைத்து, நியூட்ரலில் ஓரங்கட்டி, ஆறியதும் நாலு ப்ளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். நாலும் இளம்பழுப்பு என்றால் அடுத்த வாரம் பிரேக்குக்குப் போகலாம். நாலும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் ஜெட் இன்னும் போதவில்லை. கரியாகக் கறுத்திருந்தால் அதிகம். மூன்று பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் எண்ணெயில் குளித்திருந்தால் கார்புரேட்டரைத் தொடாதீர்கள். அந்த சிலிண்டரின் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது. ஹெட்டைத் திறக்கத்தான் வேண்டும்.

(தொடரும்)