பங்கு வாங்குமுன்

ஒரு கம்பெனியின் பங்கை வாங்குபவர் அதன் தொழிலில் ஒரு சிறு கூறுக்கு உடைமையாளர் ஆகின்றார். ஆகவே, நாளை அது என்ன விலை போகும் என்பதினும், பத்தாண்டு கழிந்தும் அதன் சரக்கை மக்கள் நாடுவரோ என்று வினவுவதே முறை.

அமெரிக்காவில் 1982-ல் தோன்றிய அடோபி கம்பெனியை எடுத்துக்கொள்வோம். போட்டோஷாப் முதலிய வடிவமைப்பு மென்பொருள்களை விற்று வளர்ந்தது அது. இனிப் புதிய பதிப்புகள் விலைக்கு அல்ல, சந்தாவுக்கே என 2013-ல் அறிவித்தது. முந்திய ஆண்டில் 83 கோடி டாலராக இருந்த நிகர லாபம் 29 கோடியாக வீழ்ந்தது. கணக்கேட்டை மட்டும் கண்டவர் அஞ்சியிருப்பர். ஆனால் சந்தா தவறாமல் வந்து சேர்வதன்றோ? 2023-ல் வருவாய் 1,900 கோடி டாலரைக் கடந்தது.

ஒரு கருவியில் பயின்ற கை எளிதில் மற்றொன்றுக்கு மாறாது. அதுவே இக்கம்பெனியின் அரண். எனினும் பிக்மா என்னும் இளைய போட்டியாளரை 2,000 கோடி டாலருக்கு வாங்க 2022-ல் அது முற்பட்டதைக் காணின், அவ்வரணை அதுவே ஐயுற்றது போலும்! ஐரோப்பிய, பிரிட்டிஷ் அதிகாரிகள் ஆட்சேபித்தமையால், 2023 டிசம்பரில் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஒப்பந்தப்படி 100 கோடி டாலர் ஈடு செலுத்த நேர்ந்தது.

இப்பொழுதோ சொல்லக் கேட்டுத் தானே படம் வரையும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. வரைவோர் தொகை குறையின் சந்தாவும் குறையும். ஆண்டறிக்கை வெளிவரும்போது நான் முதலில் தேடுவது லாபத்தையன்று, சந்தா வருவாயைத்தான்.