டிராக்டர்காரர் செய்த கார்!

வயல் உழும் டிராக்டரைச் செய்பவரால், உலகமே வியக்கும் காரைச் செய்ய முடியுமா? செய்து காட்டினார் ஒருவர். அவர்தான் இத்தாலி நாட்டின் ஃபெருச்சோ லம்போர்கினி.

1916-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அவருக்கு, இயந்திரங்கள் என்றால் உயிர். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ வண்டிகளைப் பழுது பார்த்தார். போர் முடிந்ததும், மிச்சமாகிக் கிடந்த ராணுவ வண்டிகளின் பாகங்களை வாங்கி, டிராக்டர் செய்து விற்றார். தொழில் அமோகமாக வளர்ந்தது.

பணம் சேர்ந்ததும் ஃபெராரி கார் வாங்கினார். அதன் 'கிளட்ச்' அடிக்கடி தொல்லை கொடுத்ததாம். முறையிடப் போனவரிடம், டிராக்டர் ஓட்டுபவருக்கு இந்தக் கார் சரிப்படாது என்ற பொருளில் என்சோ ஃபெராரி பேசிவிட்டாராம். இப்படி ஒரு கதை, லம்போர்கினி சொன்னதாகவே உண்டு.

அவர் பதிலுக்குச் சண்டை போடவில்லை. 1963-ல் சொந்தமாகக் கார் தொழிற்சாலையே தொடங்கிவிட்டார்!

ஃபெராரியில் முன்பு வேலை பார்த்த பொறியாளர் பிஸ்ஸாரினி, 12 சிலிண்டர் என்ஜினை வடிவமைத்தார். அதே ஆண்டு டூரின் நகரக் கண்காட்சியில் மாதிரிக் கார் நின்றது. ஆனால், அதன் முன்மூடியை யாருக்கும் திறந்து காட்டவில்லை. ஏன் தெரியுமா? உள்ளே என்ஜினே இல்லை! அவசரத்தில் என்ஜின் சரியாகப் பொருந்தாததால், எடைக்காகச் செங்கல்லை வைத்து மூடிவிட்டார்கள் என்று சொல்வார்கள்.

பிறகு, முப்பது வயதுகூட ஆகாத டல்லாரா என்ற பொறியாளர் வேலையைச் செம்மைப்படுத்தினார். பந்தயக் குதிரை போல முரண்டு பிடித்த என்ஜினின் திறனை வேண்டுமென்றே குறைத்தார். திறனைக் குறைப்பதா என்று கேட்கிறீர்களா? ஒரு நாள் பந்தயத்தில் ஓடினால் போதாது. பல்லாயிரம் கிலோமீட்டர் மக்கர் பண்ணாமல் ஓட வேண்டுமே! 'ஜி.டி.' என்ற இரண்டெழுத்தின் பொருளும் நெடும்பயணம்தான்.

காற்றாடி செய்ய மூங்கில் குச்சிகளைக் கட்டி, மேலே காகிதம் ஒட்டுவீர்கள் அல்லவா? மிலன் நகரின் 'டூரிங்' நிறுவனமும் அப்படித்தான் செய்தது. மெல்லிய எஃகுக் குழாய்களால் கூடு கட்டி, அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தியது. எடை குறைந்தது.

1964-ல் ஜெனீவா கண்காட்சியில் 'லம்போர்கினி 350 ஜி.டி.' வந்து நின்றது. நீண்ட மூக்கு, அதனுள்ளே மூன்றரை லிட்டர் என்ஜின், சுமார் 280 குதிரைத்திறன், மணிக்கு ஏறத்தாழ 250 கி.மீ. வேகம்! இந்த முறை என்ஜின் உள்ளேயே இருந்தது.

இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கார்கள் தயாராயின. லம்போர்கினி ரிஷப ராசிக்காரர் என்பதால், காளையே காரின் சின்னமானது.

1970-களில் தொழிற்சாலைகளை விற்றுவிட்டு, திராட்சைத் தோட்டம் போட்டு மீண்டும் விவசாயியானார் அவர். 1993-ல் மறைந்தார். ஆனால், அவர் பெயரைத் தாங்கிய காளை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

'உனக்கு இது வராது' என்று யாராவது சொன்னால் முகம் வாடாதீர்கள், செல்லங்களே. வாயால் பதில் சொல்ல வேண்டாம், வேலையால் சொல்லுங்கள்!