விட்டே ஆக வேண்டிய மீனும் கொன்றே ஆக வேண்டிய மீனும்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், ஏரியிலிருந்து ஆறு புறப்படும் இடத்தில் ஒரு மரப்பாலம் இருக்கிறது. ஃபிஷிங் பிரிட்ஜ் என்று பெயர். பெயர்தான் அப்படி, 1973 முதல் அங்கே யாரும் தூண்டில் போடக் கூடாது. அதற்கு முன்பெல்லாம் கோடைக்காலத்தில் பாலத்தின் கைப்பிடி நெடுக ஆட்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். கீழே முட்டையிடக் கூடியிருக்கும் கட்த்ரோட் டிரவுட் மீன்களை அவர்கள் மேலே இழுத்துப் போட்டபடியே இருப்பார்கள்.

நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் போனவர்களுக்கு டிரவுட் என்ற பெயர் புதிதல்ல. குளிர்ந்த, தெளிந்த நீரில்தான் அது பிழைக்கும். நீலகிரிக்கு அதை வெள்ளைக்காரர்கள் தூண்டில் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்தார்கள். யெல்லோஸ்டோனின் கட்த்ரோட்டோ அந்த நீருக்கே சொந்தமான மீன். கீழ்த்தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் செக்கச் சிவந்த கோடு ஓடும். பழுப்பு டிரவுட்டின் சாமர்த்தியம் இதற்குக் கிடையாது, பூச்சி மாதிரி எது மிதந்து வந்தாலும் கவ்விவிடும்.

அந்த வெகுளித்தனத்துக்கு அது கொடுத்த விலை பெரிது. தூண்டில்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1899 தொடங்கி 1950-களின் நடுப்பகுதி வரை, வேறு ஊர்களின் நீர்நிலைகளில் மீன் வளர்ப்பதற்காக இந்த ஏரியிலிருந்து எடுக்கப்பட்ட முட்டைகள் மட்டும் 80 கோடிக்கு மேல். 1960-களில் ஏரியும் ஆறும் இளைத்துப் போயிருந்தன.

1973-இல் ஆற்றுக்கு வந்த விதி எளியது: கட்த்ரோட்டைப் பிடிக்கலாம், ஆனால் உயிரோடு திரும்ப விட்டுவிட வேண்டும். ஏரிக்கு வந்ததுதான் விசித்திரமான விதி. ஒருவர் இரண்டு மீன் கொண்டுபோகலாம், ஆனால் இரண்டும் 13 அங்குலத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்று அப்போது இருந்தது. சின்னதை விடு, பெரியதை எடு என்பதுதானே உலக வழக்கம்? அதைத் தலைகீழாக்கினார்கள். காரணம் கணக்குதான். பருத்த பெண் மீனின் வயிற்றில் சிறியதைவிட எத்தனையோ மடங்கு முட்டை இருக்கும். பெரியதை மட்டும் எடுக்கலாம் என்று விதி வைத்தால், முட்டையிடும் வயதை எட்டிய மீன்களைப் பார்த்துப் பார்த்துக் கொல்கிற ஏற்பாடாக அது முடிந்துவிடும். சில ஆண்டுகளிலேயே ஏரியில் மீன்களின் சராசரி வயதும் நீளமும் கூடின.

விட்ட மீன் பிழைக்கிறதா என்பது நியாயமான சந்தேகம். 1980-களில் பாலத்துக்குக் கீழே சில கிலோமீட்டர் தொலைவில், பஃபலோ ஃபோர்ட் என்ற இடத்தில் ஆய்வாளர்கள் இதைக் கணக்கெடுத்தார்கள். அங்கே ஒரே பருவத்தில் ஒரு கட்த்ரோட் சராசரியாக ஒன்பது, பத்து தடவை பிடிபட்டிருந்தது. ஆனால் ஒரு தடவை பிடிபடுவதால் சாகும் வாய்ப்பு 0.3 சதவீதம்தான். அதே மீனை அந்தப் பருவத்தில் ஏறக்குறைய பத்துப் பேர் பிடித்து மகிழ்ந்திருக்கிறார்கள். முதல் ஆளே அதை வாணலிக்குக் கொண்டுபோயிருந்தால் மற்ற ஒன்பது பேருக்கு ஒன்றும் இல்லை.

எல்லா இடத்திலும் இவ்வளவு நல்ல கணக்கு வராது. தூண்டிலில் மாட்டிய மீன் மூச்சு முட்டப் போராடுகிறது, தசைகளில் லாக்டிக் அமிலம் ஏறுகிறது. அந்த நிலையில் அதைத் தண்ணீரைவிட்டு வெளியே எடுத்தால், செவுளின் மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஆக்சிஜன் ஏறாமல் போகும். 1992-இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வில், களைத்துப்போன ரெயின்போ டிரவுட்களை 30 நொடி காற்றில் வைத்திருந்தபோது 38 சதவீதம் இறந்தன, 60 நொடி வைத்தபோது 72 சதவீதம். அவை ஆய்வகத்தில் ரத்தக் குழாயில் குழல் செருகப்பட்ட மீன்கள், ஆகவே ஆற்று மீனுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் போட்டோவுக்காக மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் நேரம் அதற்கு எப்படிப்பட்ட நேரம் என்பது அதிலிருந்து புரியும்.

மற்ற விதிகளும் இந்த மூச்சையும் காயத்தையும் சுற்றியே வந்தவை. மண்புழுவை மீன் விழுங்கிவிடும், முள் தொண்டைக்குள் இறங்கிக் குத்தும். இறகால் கட்டிய பொய்ப் பூச்சியில் பெரும்பாலும் உதட்டில்தான் மாட்டும். அதனால்தான் புழு, இரை எல்லாவற்றுக்கும் தடை. தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீளும் சிறு கூர்முனையையும் நசுக்கிவிட வேண்டும். இந்த விதியால் சாவு குறைகிறதா என்று சோதித்தவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. முள் சட்டெனக் கழன்றால் கையில் வைத்திருக்கும் நேரம் குறையும் என்பதால் நான் இந்த விதியின் பக்கம்தான். பூங்காவைத் தாண்டி அதே ஆறு ஓடும் மொன்டானா மாநிலத்தில் வெயிலுக்கும் விதி உண்டு. தண்ணீர் தொடர்ந்து மூன்று நாள் 23 டிகிரி செல்சியஸை எட்டினால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டிலுக்குத் தடை விதிப்பார்கள். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், மீனுக்கோ அப்போதுதான் அது அதிகம் தேவை.

இத்தனை விதிகளும் தூண்டில் பிடித்த ஆளைத்தான் கட்டுப்படுத்தும். 1994-இல் யெல்லோஸ்டோன் ஏரியில் லேக் டிரவுட் என்ற அந்நிய மீன் தென்பட்டது. யாரோ திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து விட்டது. அது கட்த்ரோட்டைத் தின்று கொழுக்கும் மீன். 1978-இல் கிளியர் கிரீக் என்ற ஒரே ஓடையில் முட்டையிட ஏறிய கட்த்ரோட்கள் 70,000-க்கு மேல், 2007-இல் சுமார் 500. கட்த்ரோட் ஆழமற்ற ஓடைகளுக்கு வருவதால் கரடிக்கும் நீர்நாய்க்கும் விரால் அடிப்பான் கழுகுக்கும் அது சாப்பாடு. லேக் டிரவுட் ஆழத்திலேயே வாழ்ந்து ஏரிக்குள்ளேயே முட்டையிடும், அவற்றின் வாய்க்கு எட்டாது. ஓடை மீன் கிடைக்காத கரடிகள் எல்க் மான் கன்றுகளை முன்னைவிட அதிகமாகத் தின்னத் தொடங்கியதாக ஆய்வுகள் காட்டின.

ஆகவே அதே பூங்காவின் விதிப் புத்தகத்தில் இப்போது இரண்டும் இருக்கின்றன. கட்த்ரோட் மாட்டினால் ஈரக் கையோடு தொட்டு, தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி விட வேண்டும். ஏரியில் லேக் டிரவுட் மாட்டினால் அளவு வரம்பில்லை, எண்ணிக்கை வரம்பில்லை, கொன்றே ஆக வேண்டும். தூண்டிலால் மட்டும் அது தீராது என்பதால் படகுகள் வலை வீசி அவற்றை லட்சக்கணக்கில் அள்ளுகின்றன. கட்த்ரோட் மெல்லத் தேறிவருகிறது. பிடித்த லேக் டிரவுட்டைச் சமைக்க விருப்பமில்லாதவருக்கும் விதி வழி சொல்கிறது: காற்றுப்பையைக் குத்திக் கிழித்து, உடல் மிதக்காதபடி ஆழமான தண்ணீரில் போட்டுவிடலாம்.