சந்தா கட்டினால் போதுமா?

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, நமது சங்கத்து அன்பர் ஒருவரின் மகன் என்னிடம் வந்தான். இன்ஜினியரிங் முதல் வருடம் படிக்கிறான்.

"மாமா, காலேஜில் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் மாணவர் கிளையில் சேரச் சொல்கிறார்கள். சேர்ந்தால் ஏதாவது பிரயோஜனம் உண்டா? இல்லை, பயோடேட்டாவில் ஒரு வரி கூடும், அவ்வளவுதானா?" என்று கேட்டான்.

நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

கல்கத்தாவில் கோகலே ரோடு பக்கம் போகிறவர்கள் அதன் தலைமையகத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் 1920-ல் அந்த அமைப்பு பதிவு செய்யப்பட்டது நமது சென்னையில்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1935-ல் ராயல் சார்ட்டர் பெற்றது. காலேஜில் சேர வசதியில்லாமல் வேலைக்குப் போனவர்கள் அது நடத்தும் ஏ.எம்.ஐ.இ. தேர்வில் 'ஏ', 'பி' என்ற இரு பகுதிகளையும் எழுதித் தேறினால், பட்டதாரிக்குச் சமமாக அரசு ஏற்றுக்கொண்டது. 2013 மே 31 வரை பதிவு செய்துகொண்டவர்களுக்கு அந்த அங்கீகாரம் உண்டு.

நான் மெக்கானிக்கல் இரண்டாம் வருடம் படித்தது 1982-ல். லேக் மார்க்கெட் பக்கம் இரண்டு அறை வீடு. அப்பா ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. மாணவர் கிளைக்குச் சந்தா கேட்டபோது, "கூட்டம் கூடறதுக்கெல்லாம் பணமாடா?" என்றார். மறுநாள் காலையில் ஒன்றும் பேசாமல் பணத்தை என் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

சேர்ந்த பிறகு சொற்பொழிவு கேட்டோம், தொழிற்சாலைகள் பார்த்தோம், செப்டம்பர் 15 அன்று விஸ்வேஸ்வரய்யாவின் பிறந்த நாளைப் பொறியாளர் தினமாகக் கொண்டாடினோம். எங்கள் சீனியர் ஒருவர் இன்னொரு வேலையும் கொடுத்தார். ஏ.எம்.ஐ.இ. எழுதுகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பாடம் சொல்லித்தர வேண்டும்.

எனக்கு வாய்த்த மாணவருக்கு நாற்பது வயது. ஹௌராவில் ஒரு பட்டறையில் டிராஃப்ட்ஸ்மேன். வங்காள வழக்கப்படி நான் அவரை 'தாதா' என்பேன். அவர் என்னை 'மாஸ்டர்மொஷாய்' என்று கூப்பிடுவார். எனக்குக் கூச்சமாக இருக்கும். இருபது வருஷம் தொடாத கணிதம் அவரைப் படாதபாடு படுத்தியது. ஒரு நாள் என் டிராயிங் ஷீட்டைப் பார்த்தவர், "இந்த ஓட்டையை எப்படிப் போடுவீர்கள்? பக்கத்துச் சுவர் ட்ரில்லை உள்ளே விடாதே!" என்றார். அந்த ஷீட்டுக்கு நான் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். எங்கள் இருவரில் யார் ஆசிரியர் என்ற சந்தேகம் அன்றே எனக்கு வந்துவிட்டது.

கடைசி வருடம் வந்தது. புராஜெக்ட், இண்டர்வியூ என்று அலைந்ததில் மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. ஒரு வார்த்தை சொல்லியாவது நின்றிருக்கலாம்; அதையும் செய்யவில்லை. குளிர்காலத் தேர்வில் அவர் கணிதத்தில் தவறிவிட்டார். அவர் ஒவ்வொரு வாரமும் வந்து ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போனதாக வாட்ச்மேன் சொன்னார்.

ஹௌராவுக்குத் தேடிப் போனேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். "வேலை கிடைத்ததா?" என்று கேட்டார். கிடைத்தது என்றதும் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். பிறகு தயங்கித் தயங்கி, "கோடையில் மறுபடி எழுதப்போகிறேன். ஊருக்குக் கிளம்பும்வரை ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா?" என்றார்.

போனேன். ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை.

கணிதத்தில் தேறிவிட்டதாக அவ்வருடமே கடிதம் வந்தது. மூன்று வருடம் கழித்து இன்னொரு இன்லண்ட் லெட்டர். சம்பளம் கூடியதா, பதவி உயர்ந்ததா என்று ஒன்றும் எழுதவில்லை. வீட்டு நலன்தான் விசாரித்திருந்தார். ஆனால் கையெழுத்துக்கு அடியில் டிராஃப்ட்ஸ்மேனுக்கே உரிய அச்சு எழுத்தில் 'ஏ.எம்.ஐ.இ.' என்று போட்டிருந்தார். அப்பாவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, "இதுக்குத்தான் சந்தா கேட்டியா?" என்றார். கடிதத்தைத் தம் ஃபைலில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

ஆகவே தம்பி, தாராளமாகச் சேர். பயோடேட்டாவில் அந்த ஒரு வரியும் வரட்டும். ஆனால் சந்தா கட்டிவிட்டதோடு உறுப்பினர் ஆகிவிட்டதாக நினைக்காதே. உன் தொழிலை உன்னைவிடச் சிரமப்பட்டுக் கற்கிற ஒருவர் உனக்காக எங்கோ காத்திருப்பார். அவரைக் காக்க வைக்காதே. வர முடியாவிட்டால், வர முடியாது என்றாவது போய்ச் சொல்லிவிடு.