ஆஸ்பத்திரிக் கழிவும் பஞ்சாயத்தின் பொறுப்பும்

நோயைத் தீர்ப்பதற்காக ஏற்பட்டது ஆஸ்பத்திரி. அங்குச் சேரும் கழிவை முறைப்படி அகற்றாவிடில், அதுவே நோய்க்கு வித்தாகிவிடும். ஒருவருக்குப் போட்ட ஊசி குப்பைமேட்டில் கிடந்து மற்றொருவர் காலில் தைத்தால், ஈரலைத் தாக்கும் மஞ்சட்காமாலைக் கிருமிகளும், எயிட்ஸ் நோய்க் கிருமியும் தொற்றக்கூடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆஸ்பத்திரிக் கழிவில் நூற்றுக்கு 85 பங்கு சாதாரணக் குப்பையே. எஞ்சிய 15 பங்கே அபாயமானது. இரண்டையும் கலந்துவிட்டால் முழுவதும் அபாயமாகிவிடும். ஆகவே, கழிவு உண்டாகும் இடத்திலேயே அதைப் பிரிப்பது அவசியம். 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள் இதற்கு நான்கு நிறங்களை வகுத்துள்ளன.

மஞ்சள் பையில் இரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, காலாவதியான மருந்துகள் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். சிவப்புப் பை, பிளாஸ்டிக் குழாய்கள், கையுறைகள், ஊசி நீக்கிய சிரிஞ்சுகள் ஆகியவற்றுக்கு உரியது. ஊசி, கத்தி முதலியன துளைபடாத வெள்ளைப் பெட்டியிலும், கண்ணாடிப் புட்டிகள் நீலப் பெட்டியிலும் சேர வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தார் இவற்றை எடுத்துச் செல்வர். பொதுவாக, 48 மணி நேரத்துக்கு மேல் கழிவைத் தேக்கி வைத்தல் கூடாது. வளாகத்திலேயே குவித்துக் கொளுத்துவதும் தவறு. எரியும் பிளாஸ்டிக்கிலிருந்து நச்சுப்புகை எழும்.

இவ்விதிகள் கால்நடை ஆஸ்பத்திரிகளுக்கும் தடுப்பூசி முகாம்களுக்கும் பொருந்தும். மாட்டுக்குப் போட்ட ஊசி எருக்குழியில் விழுந்தால், எருவோடு வயலுக்குச் சென்று உழவர் காலில் தைக்கும். ஆகையால், ஊசிகளையும் புட்டிகளையும் முகாம் நடத்துவோரே திரும்ப எடுத்துச் செல்லுமாறு விவசாயிகள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கழிவு வெளியூரிலிருந்தும் வரக்கூடும். 2024 டிசம்பரில் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் முதலிய ஊர்களின் பகுதிகளில் கொட்டப்பட்டன. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதன் பேரில், அம்மாதமே அவை லாரிகளில் கேரளத்துக்குத் திருப்பி எடுத்துச் செல்லப்பட்டன.

எனவே, பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, நான்கு நிறப் பைகளும் பெட்டிகளும் உள்ளனவா, கழிவு வண்டி தவறாமல் வருகிறதா என்று விசாரித்தறிய வேண்டும். தரிசு நிலத்திலோ ஓடையிலோ இத்தகைய கழிவைக் கண்டால், எவரும் கையால் தொடாமல் காவல் வைத்து, மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் உடனே எழுதுதல் வேண்டும். ஊரின் கிணறும் குழந்தைகளின் காலும் நம் பாதுகாப்பில் உள்ளவை.