கேமரா ஆளைக் காட்டும், மனசைக் காட்டாது!

தோட்டத்து மோட்டாரிலிருந்து கேபிளை அறுத்துக்கொண்டு போய், உள்ளே இருக்கும் காப்பரை எடுத்து விற்றுவிடுகிறார்கள் என்பது பல ஊர்களில் கேட்கும் புகார். கேபிளுக்கு ஆகும் செலவு ஒருபக்கம். புதிது வாங்கி மாட்டும்வரை தண்ணீர் இல்லாமல் பயிர் வாடுவது இன்னொரு பக்கம். அதனால், ‘ஆள் வந்தால் செல்போனுக்குத் தகவல் அனுப்பும் ஏ.ஐ. கேமரா’ என்ற விளம்பரத்தைப் பார்த்ததும், “இதை வாங்கி மாட்டலாமா?” என்று விவசாயிகள் கேட்கிறார்கள்.

வாங்கலாம். ஆனால், அந்தக் கேமரா ஒரு மனிதரை எப்படிக் கண்டுபிடிக்கிறது, எவ்வளவு தூரம்வரை கண்டுபிடிக்கும், எங்கே ஏமாறும் என்று தெரிந்துகொண்டு வாங்கினால் பணம் வீணாகாது. அதைவிட முக்கியம், அது அனுப்பும் ஒரு தகவலை வைத்துக்கொண்டு ஊரில் யார்மீதும் அவசரப்பட்டுப் பழி போடும் நிலைமை வராது.

அசைவிலிருந்து உருவம்

வீடியோ என்பது வேகமாக ஓடும் படங்களின் வரிசை. நொடிக்கு 25 அல்லது 30 படங்கள். ஒவ்வொரு படமும் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. 2 மெகாபிக்சல் கேமராவில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080 புள்ளிகள். மொத்தம் சுமார் 20 லட்சம். கேமராவுக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்குத் தெரிவது, இந்தப் புள்ளிகளின் நிறமும் வெளிச்சமும் மட்டும்தான். ‘இது ஆள்’, ‘இது வாழை’ என்று அதற்குத் தானாகத் தெரியாது.

முதலில் வந்த முறை எளிமையானது. முந்தைய படத்தையும் இப்போதைய படத்தையும் ஒப்பிட்டு, மாறிய புள்ளிகளை ‘அசைவு’ என்று எடுத்துக்கொள்வது. காற்றில் வாழை இலை ஆடினாலும், மேக நிழல் நகர்ந்தாலும் இது மணி அடிக்கும். 1999-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் கிறிஸ் ஸ்டாஃபர், எரிக் கிரிம்சன் என்ற இருவரும், ஒவ்வொரு புள்ளியிலும் வழக்கமாக என்னென்ன நிறங்கள் வந்துபோகின்றன என்று கம்ப்யூட்டரே பழகிக்கொள்ளும் முறையை வெளியிட்டார்கள். ஆடும் கிளையைப் பின்னணியோடு சேர்த்துக்கொள்ள இது உதவியது. இருந்தாலும், அசைந்தது நாயா, ஆளா என்று இந்த முறை சொல்லாது.

உருவத்தை அடையாளம் காண்பது அடுத்த படி. 2005-ல் பிரான்ஸின் இன்ரியா ஆராய்ச்சி நிறுவனத்தில் நவ்னீத் தலால், பில் டிரிக்ஸ் இருவரும், படத்தில் உள்ள விளிம்புக் கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று கணக்கெடுத்து, நிற்கும் மனித உருவத்தைக் கண்டுபிடிக்கும் முறையைக் கொடுத்தார்கள். 2012-க்குப் பிறகு, ஏராளமான படங்களைக் காட்டி ‘இது மனிதர், இது மாடு’ என்று பழக்கும் முறை பரவியது. இன்று ‘ஏ.ஐ. கேமரா’ என்று விற்பவை பெரும்பாலும் இந்த வழியில் வந்தவைதான்.

மூட்டுகள் சொல்லும் சைகை

ஆள் இருப்பது தெரிந்துவிட்டது. அவர் என்ன செய்கிறார் என்பதைக் கண்டுபிடிப்பது எப்படி? இதற்கான விதை 1973-ல் சுவீடனில் விழுந்தது. குன்னர் யோஹான்சன் என்ற உளவியல் அறிஞர், ஒருவரின் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் போன்ற மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் தெரியும்படி செய்து, இருட்டில் நடக்கவிட்டுப் படம் பிடித்தார். உடம்பு தெரியாது, பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் மட்டும்தான் நகரும். ஆனால், பார்த்தவர்கள் உடனே ‘ஒருவர் நடக்கிறார்’ என்று சொல்லிவிட்டார்கள்.

இன்றைய கம்ப்யூட்டரும் இதைத்தான் செய்கிறது. மூக்கு, கண், காது, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என 17 புள்ளிகளை உடம்பில் குறித்துக்கொள்ளும் முறை பரவலாக இருக்கிறது. கை விரல்களின் சைகையைப் படிக்கும் கூகுளின் மீடியாபைப் மென்பொருள், ஒரு கைக்கு மட்டும் 21 புள்ளிகள் வைக்கிறது. இந்தப் புள்ளிகள் படத்துக்குப் படம் எப்படி நகர்கின்றன என்பதை வைத்து, ‘கையை ஆட்டுகிறார்’, ‘குனிகிறார்’, ‘விழுகிறார்’ என்று கம்ப்யூட்டர் முடிவுக்கு வருகிறது.

வரிசையாகப் பார்க்கவேண்டியதன் அவசியம் விவசாயிக்குச் சொல்லாமலே புரியும். கையைத் தூக்கி நிற்கும் ஒரே ஒரு போட்டோவைப் பார்த்தால், அவர் பக்கத்து வயல்காரரைக் கூப்பிடுகிறாரா, கிளியை விரட்டுகிறாரா, கல் எறிகிறாரா என்று சொல்ல முடியுமா? முன்னும் பின்னும் பார்த்தால்தான் தெரியும். அப்போதும் கம்ப்யூட்டர் சொல்வது அசைவைத்தானே தவிர, காரணத்தை அல்ல. ‘குனிந்தார், எதையோ எடுத்தார்’ என்பதுவரை சொல்லும். எடுத்தது களையா, உங்கள் கேபிளா என்பது வேறு விஷயம்.

பழக்கியதைத்தான் பார்க்கும்

நாற்றங்கால் எப்படியோ நடவு அப்படி. கேமராவும் எந்தப் படங்களில் பழகியதோ, அதற்குத் தகுந்த மாதிரிதான் வேலை செய்யும். இந்தத் துறையில் உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு படத்தொகுப்பு, 2014-ல் வெளிவந்த ‘கோகோ’. அதில் 80 வகைப் பொருட்களுக்குப் பெயர் உண்டு. மனிதர், மாடு, செம்மறி ஆடு, நாய், யானை எல்லாம் உண்டு, ஒட்டகச்சிவிங்கிகூட உண்டு. பன்றி இல்லை. வெள்ளாடு இல்லை. மயில் வந்தால் ‘பறவை’ என்று மட்டும் சொல்லும். காட்டுப்பன்றிக்காகக் கேமரா வாங்குபவர்கள், ‘பன்றிக்குத் தனியாகப் பழக்கியிருக்கிறீர்களா?’ என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

மனிதர் விஷயத்திலும் இதே கதைதான். தெருவில் நிமிர்ந்து நடப்பவரைக் கண்டுபிடிப்பது கேமராவுக்குச் சுலபம். தலைச்சுமையாகப் புல்லுக்கட்டு சுமந்து வருபவர், மழைக்குச் சாக்கைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு போகிறவர், நடவு வயலில் குனிந்து நிற்கும் பெண்கள், கரும்புக்குள் பாதி மறைந்து நிற்பவர்... இவர்களைக் கோட்டைவிட வாய்ப்பு அதிகம். சட்டை போட்ட சோளக்கொல்லை பொம்மையை ஆள் என்று சொல்லிவிடவும் கூடும்.

ஒரு ஏக்கரை ஒரு கேமரா பார்க்குமா?

விற்பவர்கள் ‘ஒரே கேமராவில் முழுத் தோட்டமும் தெரியும்’ என்பார்கள். தெரியும்தான், ஆனால் எப்படித் தெரியும்? கண்காணிப்புக் கேமராக்களுக்கான சர்வதேசத் தர விதியின் 2014 பதிப்பில் ஒரு கணக்கு இருந்தது. ஆள் இருக்கிறார் என்று சொல்லவே, ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 புள்ளிகள் வேண்டும். முன்பே தெரிந்தவர் என்றால் அடையாளம் சொல்ல 125 புள்ளிகள். முன்பின் தெரியாதவரை இன்னார்தான் என்று உறுதியாகச் சொல்ல 250 புள்ளிகள்.

இதை வயலில் போட்டுப் பார்ப்போம். 2 மெகாபிக்சல் கேமராவின் 1,920 புள்ளிகளை 25-ஆல் வகுத்தால், சுமார் 77 மீட்டர் அகலம். 90 டிகிரி அகலமாகப் பார்க்கும் லென்ஸ் என்றால், சுமார் 38 மீட்டர் தூரத்திலேயே காட்சி அவ்வளவு அகலமாகிவிடும். சதுரமான ஒரு ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர். மூலைக்கு மூலை 90 மீட்டர். ஆக, மூலையில் வைத்த கேமரா பாதித் தோட்டத்தைக்கூட நம்பிக்கையாகப் பார்க்காது. முகம் சொல்லும் தூரமோ 4 மீட்டருக்கும் கீழே. இதெல்லாம் நல்ல பகல் வெளிச்சத்தில். ராத்திரியில் தூரம் இன்னும் குறையும்.

அதனால், தோட்டம் முழுவதையும் பார்க்க ஆசைப்படாமல், திருடர் கை வைக்கும் இடத்தை மட்டும் பார்க்கும்படி வையுங்கள். மோட்டார் கொட்டகை வாசல், ஸ்டார்ட்டர் பெட்டி, வண்டி நுழையும் பாதை. காட்சியின் அகலம் 7 மீட்டருக்குள் இருந்தால் முகம் தெளிவாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு. கிழக்கு, மேற்கு பார்த்து வைத்தால் காலை, மாலை வெயில் நேராக லென்ஸில் விழும். வடக்கு அல்லது தெற்குப் பார்த்து வைப்பது நல்லது.

பத்துக்கு எத்தனை?

விதை வாங்கினால் முளைப்புத்திறன் பார்க்கிறோம். 100 விதை போட்டு எத்தனை முளைத்தது என்று எண்ணுகிறோம். கேமராவுக்கும் அதைச் செய்யுங்கள். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் செய்வது முக்கியம்.

கேமராவிலிருந்து 10, 20, 40 மீட்டரில் குச்சி நடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் பத்து முறை குறுக்கே நடங்கள். சாதாரணமாக, குனிந்து, தலையில் துண்டு போட்டு என மாற்றி மாற்றி நடங்கள். பகல், பொழுது சாயும் நேரம், நடு ராத்திரி மூன்று வேளையும் செய்யுங்கள். பத்துக்கு எத்தனை முறை செல்போனுக்குத் தகவல் வந்தது என்று எழுதி வையுங்கள். அடுத்த ஒரு வாரத்துக்கு, ஆளே வராமல் வந்த பொய்த் தகவல்கள் எத்தனை என்றும் எண்ணுங்கள்.

இரண்டு கணக்கும் வேண்டும். கேமராவின் உணர்திறனைக் கூட்டினால் ஆளைத் தவறவிடுவது குறையும்; பொய்த் தகவல் கூடும். குறைத்தால் நேர் எதிர். ராத்திரிக்குப் பத்து முறை பொய்யாக மணி அடித்தால், நான்காம் நாள் நீங்களே செல்போனை அணைத்துவிட்டுத் தூங்கிவிடுவீர்கள். லென்ஸ் முன்னால் சிலந்தி வலை கட்டினாலும், ராத்திரி விளக்குக்குப் பூச்சி மொய்த்தாலும் பொய்த் தகவல் வரும். வாரம் ஒருமுறை துடைத்து வையுங்கள்.

தகவல் வேறு, தீர்ப்பு வேறு

ராத்திரி 2 மணிக்கு ‘ஆள் நடமாட்டம்’ என்று தகவல் வருகிறது. அது திருடராகத்தான் இருக்க வேண்டுமா? மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும் ஊர்களில், அந்த நேரத்தில் வரப்பில் நடப்பவர் பெரும்பாலும் தண்ணீர் கட்டப் போகும் பக்கத்துத் தோட்டத்துக்காரர். 15 புள்ளியில் மங்கலாகத் தெரியும் உருவத்தைப் பார்த்து, ‘நடை அவன் நடை மாதிரியே இருக்கு’ என்று யாராவது சொல்லிவிட்டால், அந்தப் பேச்சு ஊரைச் சுற்றிவிடும். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது, நேற்றுவரை உங்கள் தோட்டத்தில் வேலை பார்த்த கூலித் தொழிலாளிதான். அந்தப் பெயர் ஒருமுறை கெட்டால், அடுத்த தோட்டத்திலும் அவருக்கு வேலை கிடைக்காது.

உண்மையிலேயே திருட்டு நடந்தால், வீடியோவை வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். மெமரி கார்டில் உள்ள மூலப் பதிவை அப்படியே வைத்து, காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்க, பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-வது பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். அதைக் காவல் துறையினரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் மோட்டார் கொட்டகைத் தொட்டி என்பது பெண்கள் குளிக்கும், துணி துவைக்கும் இடமும்கூட. கேமராவை மாட்டிவிட்டு, அந்தக் காட்சியை வீட்டில் உள்ள பெண்களிடம் காட்டுங்கள். தொட்டி தெரிந்தால் உடனே திருப்பி வையுங்கள். பெண்களை அந்தரங்கமான நேரத்தில் படம் எடுப்பதும் பரப்புவதும் பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வேலைக்கு வருபவர்களிடமும் ‘இங்கே கேமரா இருக்கிறது’ என்று சொல்லி, ஒரு பலகையும் மாட்டிவிடுங்கள்.

வாசகர்கள் கேட்பவை

கேள்வி: 24 மணி நேரமும் பதிவு செய்ய முடியுமா?

நொடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிவானால், ஒரு நாளைக்கே 21 ஜி.பி.க்கு மேல் ஆகும். 64 ஜி.பி. கார்டு மூன்று நாளில் நிரம்பிவிடும். சிம் கார்டு வழியாக அனுப்பினால் டேட்டா கட்டுப்படி ஆகாது. ‘ஆள் வந்தால் மட்டும் பதிவு’ என்று வைத்துக்கொள்வதே சிக்கனம்.

கேள்வி: விலை குறைந்த அசைவு அலாரம் போதாதா?

கொட்டகைக்குள் மட்டும் என்றால் போதும். அது உடல் சூடு நகர்வதை உணர்கிறது. நாய் வந்தாலும் அடிக்கும். கோடைப் பகலில் சுற்றிலும் உள்ள சூடு உடல் சூட்டை நெருங்கும்போது சரியாக வேலை செய்யாது. ராத்திரிக் காவலுக்கு உதவும்.

கேள்வி: வயதான அப்பா தனியாகத் தோட்டத்தில் இருக்கிறார். அவர் மயங்கி விழுந்தால் கேமரா சொல்லுமா?

விழுவதைக் கண்டுபிடிக்கும் மென்பொருட்கள் இருக்கின்றன. நின்ற உருவம் திடீரென்று படுத்த நிலைக்கு வந்தால் எச்சரிக்கும். ஆனால், சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் அவர் சாய்ந்தாலும் எச்சரிக்கலாம். வரப்புக்குப் பின்னால் விழுந்தால் தெரியாமலே போகலாம். கேமரா இருக்கிறது என்று அசட்டையாக இருந்துவிடாமல், வேளைக்கு ஒருமுறை அவருக்குப் போன் செய்து பேசுங்கள்.